மாமாவின் பையும் என் பித்தளைக் கூடுகளும்

சனிக்கிழமை காலை, இட்லித் தட்டில் கை வைத்த நேரத்தில் துப்பாக்கிக் கடைக்காரர் அழைத்தார். பிரைமர் வந்திருக்கிறது, வேண்டுமானால் உடனே கிளம்பி வா, மத்தியானம் வரை மிச்சம் இருக்குமா என்று என்னைக் கேட்காதே என்றார். நான் இட்லியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். இட்லியை விட்டு எழுந்திருக்கிற ஆள் நான் இல்லை என்பது என் வயிற்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

என் வேட்டைத் துப்பாக்கிக்கான தோட்டாக்களைக் கடையில் வாங்காமல் நானே செய்துகொள்கிறவன் நான். ஒரு தோட்டா என்பது நான்கு சாமான்கள். பித்தளைக் கூடு, அதன் அடியில் பொட்டு மாதிரி உட்கார்ந்து தீப்பொறி கொடுக்கும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. சுட்ட பிறகு கூடு மட்டும் மிஞ்சும். அதைப் பொறுக்கி வந்து, கழுவி, அளவு பார்த்து, மற்ற மூன்றையும் புதிதாகப் போட்டால் மறுபடியும் தோட்டா. மருந்தும் குண்டும் எப்படியாவது கிடைத்துவிடும். பிரைமர்தான் மாதக்கணக்கில் ஊரிலேயே இல்லை. உலகத்தில் எங்கே சண்டை நடந்தாலும் முதலில் காணாமல் போவது அதுதான் என்று கடைக்காரர் சொல்வார். இருக்கும்போதே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும், நம் வீடுகளில் புளி வாங்கி வைப்பதைப் போல.

புளியைச் சும்மா சொல்லவில்லை. குத்துவிளக்குக்குப் போடும் அதே புளியில்தான் நான் கூடுகளை ஊறவைத்துத் துலக்குவேன். தங்கம் மாதிரி ஆகிவிடும். கடை வாசலில் நிற்கும் வெள்ளைக்காரப் பெரியவர்கள் என் கூடுகளை வாங்கிப் பார்த்துவிட்டு என்ன மெஷின் வைத்திருக்கிறாய் என்று கேட்பார்கள். புளி என்றால் நம்பமாட்டார்கள்.

எனக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர்ப் பக்கம். அங்கே இருந்தவரை தீபாவளித் துப்பாக்கி தவிர எதையும் வெடித்ததில்லை. இந்த நாட்டில் என்னோடு வேலை செய்யும் ஒருவருக்கு ஆரஞ்ச் நகரத்தைத் தாண்டி ஆட்டுப் பண்ணை. ஆடு தின்ன வேண்டிய புல்லையெல்லாம் காட்டுமான் வந்து தின்றுவிட்டுப் போகிறது என்று ஒருநாள் புலம்பினார். வேடிக்கை பார்க்கப் போனவன் கடைசியில் துப்பாக்கி உரிமம் எடுத்துக்கொண்டு நின்றேன். என் மனைவி யாழ்ப்பாணத்துக்காரி. முதன்முதலாக மான் இறைச்சி கொண்டுவந்தபோது, "வெள்ளிக்கிழமை மேய்ஸ் ஹில் கோயிலுக்குப் போய் முருகனைக் கும்பிடுறது, சனிக்கிழமை மானைச் சுடுறது, நல்லாத்தான் இருக்கு" என்றாள். முருகனே வேடர் வீட்டு மாப்பிள்ளைதானே என்றேன். "கதைக்க மட்டும் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே கறியை அடுப்பில் ஏற்றினாள். அவளுடைய மிளகாய்த்தூளில் அந்த மான் கூட மோட்சம் போயிருக்கும்.

துப்பாக்கிக்கு அவள் தடை சொன்னதே இல்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். சுட்ட கூடு ஒன்றுகூட வீட்டுக்குள் கண்ட இடத்தில் கிடக்கக் கூடாது. என் கால்சட்டைப் பையைத் துவைக்கப் போடும் முன் இரண்டு தடவை தடவிப் பார்ப்பாள். சுத்தக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது மாமாவைச் சொல்ல வேண்டும். என் மனைவியின் அப்பா. மாமி போன பிறகு மெல்பேர்னில் மகன் வீட்டில் இருந்தார். முந்தைய குளிர்காலத்தில் எங்களிடம் வந்தார். அவர் இங்கேயே தங்கிவிட வேண்டும் என்று என் மனைவிக்கு அப்படியொரு ஆசை. அதற்காக வென்ட்வேர்த்வில் கடைகளில் பனங்கிழங்கில் செய்யும் ஒடியல் மாவு முதல் பனங்கட்டி வரை வாங்கி அடுக்கினாள், அவருக்குப் பிடித்த மாதிரி சாய்மனைக் கதிரை ஒன்றைத் தேடிப்பிடித்தாள், பின்கட்டுத் தோட்டத்தை முழுக்க அவர் கையில் கொடுத்தாள். அவரும் கத்தரி, மிளகாய், வல்லாரை என்று பாத்தி கட்டி, காலையில் வெளியே போனால் வெயில் ஏறிய பிறகுதான் உள்ளே வருவார். எல்லாம் நன்றாகத்தான் போனது. ஆனால் பையை மட்டும் அவர் பிரிக்கவில்லை.

அது ஒரு சின்னத் துணிப்பை. உள்ளே ஒரு துவாய், ஒரு சோப்பு, மாத்திரைகள், மாற்றிக்கொள்ள ஒரு சட்டை, சாரம் என்று அவர் சொல்லும் லுங்கி. கட்டில் காலடியில் எப்போதும் தயாராக இருக்கும். மாத்திரை தீர்ந்தால் அதில்தான் புது மாத்திரை போகும். அலமாரி முழுக்கக் காலியாக இருந்தும் அந்தப் பை அசையாது. "இது அவருக்கு வீடு மாதிரித் தெரியேல்ல. வெளிக்கிடுறதுக்கு ரெடியா இருக்கிறார். அண்ணா வீட்டிலயும் இப்பிடித்தானாம்" என்று என் மனைவி இரண்டு மூன்று தடவை அழுதிருக்கிறாள். நேர்ஸ் வேலை முடித்து வந்ததும் முதல் வேலையாக அவர் அறையை எட்டிப் பார்ப்பாள். பையைப் பார்த்ததும் முகம் வாடிவிடும்.

நான் தோட்டா செய்யும் கராஜும் ஒரு காரணமோ என்று எனக்குள் உறுத்தல். அவர் வந்த முதல் வாரமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்: துப்பாக்கி இரும்புப் பெட்டியில், தோட்டா வேறு பெட்டியில், சாவி என்னிடம். "ஓம் தம்பி" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு கராஜுக்குள் அவர் காலடி வைக்கவில்லை. உள்ளே மண்வெட்டி இருந்தாலும் என்னைத்தான் எடுத்துத் தரச் சொல்வார்.

கடைக்கு வருகிறேன். பென்ரித் பக்கம் நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் வரிசை. ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் வந்த நாள் போல, எல்லோர் முகத்திலும் ஒரு சந்தேகம், முன்னால் நிற்பவன் அதிகமாக வாங்கிவிடுவானோ என்று. எனக்கு முன்னால் நின்ற தாடிக்காரர் உண்மையிலேயே அதிகமாகத்தான் வாங்கினார். என் முறை வந்ததும் உரிமத்தைக் காட்டி, எனக்கு இரண்டு பருவத்துக்குப் போதும்படி பிரைமர், இரண்டு போத்தல் மருந்து, சில பெட்டி குண்டு எல்லாம் வாங்கிக்கொண்டேன். திரும்பி வரும்போது காரில் நான் பாடிக்கொண்டு வந்ததை மறைக்க மாட்டேன். அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வழியில் கைபேசி அடித்தது. வண்டி ஓட்டும்போது நான் எடுப்பதில்லை.

வீட்டுக்கு வந்து சாமான்களைக் கராஜ் மேசைமேல் வைத்தேன். பூட்டி வைக்கப் பெட்டியைத் திறக்கும் நேரத்தில் மனைவி அழைத்தாள். காலை வேலை முடிந்து ரயிலில் வந்து இறங்கியவள், ஸ்டேஷன் வாசல் கடையில் அரிசி மூட்டையும் ஒரு பலாப்பழமும் வாங்கிவிட்டு, தூக்க முடியாமல் நிற்கிறாள். "கெதியா வாங்கோ, பழம் மணக்குது, ரோட்டில போறவை எல்லாம் பாக்கினம்" என்றாள். கராஜின் வெளிக்கதவை இழுத்துப் பூட்டிவிட்டு ஓடினேன். வீட்டுக்குள்ளிருந்து கராஜுக்கு ஒரு கதவு உண்டு. அதை நான் நினைக்கவே இல்லை. மாமா அந்தப் பக்கம் வரமாட்டாரே.

பழத்தோடும் மூட்டையோடும் திரும்பி வந்தால் மேசை வெறுமையாக இருந்தது. பிரைமர் இல்லை, மருந்து இல்லை, குண்டு இல்லை. சுவரோரம் நான் வாளியில் போட்டு வைத்திருந்த பழைய பித்தளைக் கூடுகளும் இல்லை. வாளி கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

பின்கட்டில் மாமா கத்தரிப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். உச்சி வெயிலில் அவர் தண்ணீர் விட மாட்டார், வேர் அவிந்துவிடும் என்பார்.

"மாமா, கராஜ்ல இருந்த சாமானைப் பாத்தீங்களா?"

"என்ன சாமான்? எனக்கு ஒண்டும் தெரியாது தம்பி."

"யாராவது வந்தாங்களா?"

அவர் குழாயை நிறுத்தவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பொலிஸ் வருகுதாம். போன் எடுத்துச் சொன்னவை. துவக்கு எண்டு கேட்டவை. பின்னேரம் வருவினம். நீங்கள் என்ர பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்கயாவது போயிட்டு வாங்கோ."

துவக்கு என்றால் துப்பாக்கி. எனக்குப் பாதி விளங்கியது. துப்பாக்கி வைத்திருப்பவர்கள் வீட்டுக்குப் பொலிஸ் அவ்வப்போது வந்து, எல்லாம் ஒழுங்காகப் பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவது இங்கே சாதாரணம். முன்கூட்டியே போன் செய்வார்கள். நான் எடுக்காததால் வீட்டு எண்ணுக்கு அடித்திருக்கிறார்கள்.

"மாமா, அவங்க பூட்டியிருக்கான்னு பாக்கத்தான் வர்றாங்க. எல்லாம் சட்டப்படி வாங்கினது. இப்ப அது காணோம்னாதான் எனக்குச் சிக்கல். உரிமமே போயிடும். எங்க வச்சீங்க, சொல்லுங்க."

"எனக்கு ஒண்டும் தெரியாது."

"அப்பா!" என்றாள் என் மனைவி.

"உனக்கும் ஒண்டும் தெரியாது. தெரியாமல் இருந்தாத்தான் உனக்கு நல்லது."

எனக்குக் கோபம் வந்தது. மாதக்கணக்காகக் காத்திருந்து வாங்கியது. அதைவிட, ஏழு கடல் தாண்டி வந்து ஒழுங்காக வரி கட்டிக்கொண்டு வாழ்கிற என்னை ஏதோ கள்ளக்கடத்தல்காரன் போல அவர் பார்த்தது சுட்டது. மறுபடி கேட்க வாயைத் திறந்தேன். என் மனைவி என் கையைப் பிடித்தாள். அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் குழாயை வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, எங்களைத் தாண்டி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

பொலிஸ் வண்டி சொன்ன நேரத்துக்கு வந்தது. வந்தது ஒரு இளம்பெண், சிரித்த முகம். இரும்புப் பெட்டியைப் பார்த்தாள், துப்பாக்கி எண்ணைச் சரிபார்த்தாள், தோட்டாப் பெட்டியின் பூட்டை ஆட்டிப் பார்த்தாள். சுவரில் திருகியிருந்த, தோட்டா செய்யும் என் ரீலோடிங் கருவியைக் கண்டதும், மருந்தும் பிரைமரும் எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டாள். பொய் சொல்ல எனக்கு வராது. இன்று வாங்கினேன், மேசைமேல் வைத்துவிட்டு ஸ்டேஷன் வரை போனேன் என்று ஆரம்பித்தேன். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு மெதுவாகப் போனது.

அப்போதுதான் உட்கதவு திறந்தது. மாமா நின்றார். வேட்டி கட்டி, கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, திருநீறு பூசியிருந்தார். கையில் அந்தப் பை. நாங்கள் பார்க்க ஒருநாளும் நுழையாத கராஜுக்குள் மூன்றெட்டு வைத்து எனக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் வந்து நின்றார்.

"மேடம், எல்லாம் என்னுடையது" என்றார், நிறுத்தி நிறுத்தி, ஆங்கிலத்தில். "இவர்களுக்கு எதுவும் தெரியாது. நான் வருகிறேன்."

இரண்டு கைகளையும் சேர்த்து முன்னால் நீட்டினார். பை மணிக்கட்டில் தொங்கியது. அந்தப் பை மெல்பேர்னுக்குப் போவதற்காகக் கட்டியது இல்லை என்று எனக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது.

பொலிஸ்காரப் பெண் என்னைப் பார்த்தாள். நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் உட்கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்டைக்கும் இதைத்தான் சொன்னனீங்கள் அப்பா" என்றாள். "எல்லாம் என்ர, பிள்ளையளுக்கு ஒண்டும் தெரியாது எண்டு. அந்தப் பால்மா ரின் என்ர, அப்பா. நான்தான் பொறுக்கிச் சேர்த்தனான்."

"உனக்கு ஞாபகமிருக்கே?" மாமாவின் கைகள் நீட்டியபடியே இருந்தன. "நீ சின்னப்பிள்ளை. மறந்திருப்பாய் எண்டுதான் நான்..."

"எப்பிடி மறக்கிறது?"

அங்கேயே நின்று அவள் எனக்குச் சொன்னது இதுதான். சண்டை முடிந்த காலைகளில் அவர்கள் வீட்டு வளவில் வெற்றுக்கோதுகள், அதுதான் சுட்ட கூடுகள், கிடக்குமாம். பித்தளை, பளபளவென்று, கல்லைவிட அழகாக. அவள் பொறுக்கி, பால்மா ரின் என்று சொன்ன பால்பவுடர் டின்னில் சேர்த்து வைத்து, ஐந்தைந்தாக எடுத்துக் கொக்கான் வெட்டுவாளாம், நாங்கள் அஞ்சாங்கல் என்போமே, அந்த விளையாட்டு. ஒருநாள் ராணுவம் வீடு வீடாகச் சோதிக்க வந்தபோது ரின் அகப்பட்டது. யாருடையது என்று கேட்டார்கள். மாமா தன்னுடையது என்றார். உடுத்த சாரத்தோடு கொண்டுபோனார்கள். அடுத்த மழைக்காலம் வரை அவர் வீட்டுக்கு வரவில்லை. முகாமில் பல் தேய்க்க, உடம்பு துடைக்க எதுவும் இல்லையாம். வந்த பிறகு அந்தப் பையைக் கட்டி வைத்தவர்தான், அதன் பிறகு எந்த ஊரில், எந்த வீட்டில் இருந்தாலும் அவிழ்க்கவில்லை. ரின்னைப் பற்றி அப்பாவும் மகளும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. அவள் மறந்துவிட்டாள் என்று அவர் நிம்மதியாக இருந்தார். அவர் நிம்மதியாக இருக்கட்டும் என்று அவள் மறந்தவள் போல இருந்தாள்.

நானோ சுட்ட கூட்டை ஒன்றுவிடாமல் புல்லுக்குள் தேடிப் பொறுக்கி, வாளி வாளியாக அந்த வீட்டுக்குள் கொண்டுவந்து, புளி போட்டுப் பளபளக்க வைத்துக்கொண்டிருந்தேன். அவரும் "ஓம் தம்பி" என்று சொல்லிவிட்டு அடுத்த அறையில் படுத்திருந்தார்.

பொலிஸ்காரப் பெண்ணுக்கு இதில் கொஞ்சத்தை ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். மாமாவின் நீட்டிய கைகளை மெல்லக் கீழே இறக்கிவிட்டாள். சேர், உங்களை யாரும் எங்கேயும் கூட்டிப்போகப் போவதில்லை, எங்கே என்று மட்டும் காட்டுகிறீர்களா என்றாள்.

மாமா கைகாட்டிய கத்தரிப் பாத்தியை நான்தான் தோண்டினேன். மருந்துப் போத்தல்கள் சேறு பூசி வந்தன, ஒன்றும் ஆகவில்லை. குண்டுகளும் கூடுகளும் கழுவினால் போதும். பிரைமர் அட்டைப்பெட்டிகள் மட்டும் ஊறிய ரஸ்க் மாதிரி கையோடு வந்தன. புது மண் தெரியக் கூடாதென்று மாமா அவ்வளவு தண்ணீர் விட்டிருந்தார். அதையெல்லாம் அப்புறப்படுத்துவது தன் பொறுப்பு என்று பொலிஸ்காரப் பெண் வாளியில் போட்டு எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரமானாலும் பூட்டாமல் போனது போனதுதான் என்று எனக்குத் திட்டு நன்றாகவே விழுந்தது. அடுத்த வாரம் மறுபடி வந்து பார்ப்பாளாம். திட்டட்டும் என்று நின்றேன்.

அவள் கிளம்பும்போது மாமா ஒரு பை நிறையக் கத்தரிக்காய் பறித்து நீட்டினார். லஞ்சமாகிவிடும், வாங்கக் கூடாது என்று அவள் கைகாட்டினாள். "நோ பிரைப், மேடம். பிரிஞ்சால்" என்றார் மாமா, மிகவும் சீரியஸாக. அவள் சிரித்துவிட்டாள். வாங்கவில்லைதான். ஆனால் எப்படிச் சமைப்பது என்று கேட்டுக்கொண்டு போனாள்.

அவள் போனதும் என் மனைவி மாமாவின் கையிலிருந்து பையை வாங்கினாள். கேட்கவில்லை, வாங்கினாள். சோப்பைக் கொண்டுபோய்க் குளியலறையில் வைத்தாள். மாத்திரையைச் சமையலறைத் தட்டில் வைத்தாள். சட்டையையும் சாரத்தையும் அலமாரியில் மாட்டினாள். மடிப்பு விழுந்து மஞ்சளாகியிருந்த துவாயைத் துவைத்துக் கொடியில் போட்டாள். மாமா பின்னாலேயே அறை அறையாக நடந்தார்.

அந்த வருடக் குளிர்காலத்தில் நான் பண்ணைக்குப் போகவில்லை. பிரைமர் இல்லை என்று நண்பரிடம் சொன்னேன். அது பாதிதான் உண்மை. வேட்டையையே விட்டுவிடுகிறேன் என்று மாமாவிடம் சொல்லிப் பார்த்தேன். "ஏன் தம்பி? மான் கறி நல்லாத்தானே இருக்கு" என்றார்.

அந்தச் சனிக்கிழமைக்கு இரண்டு வாரம் கழித்து, நான் கராஜில் உட்கார்ந்து சேறு போகக் கூடுகளைப் புளியில் துலக்கிக்கொண்டிருந்தேன். மாமா உட்கதவைத் திறந்துகொண்டு தானாக வந்தார். கையில் அந்தத் துணிப்பை, வெறும் பை.

"சும்மாதானே கிடக்குது. உங்கட கோதுகளை இதுக்குள்ள போட்டு வையுங்கோ" என்றார்.

வாங்கிக்கொண்டேன். காய்ந்த கூடுகளை உள்ளே போட்டேன், கலகலவென்று விழுந்தன. சத்தம் கேட்டு என் மனைவி வந்தாள். நாங்கள் இருவரும் இருந்ததைப் பார்த்தாள். பைக்குள் கைவிட்டு ஐந்து கூடுகளை எடுத்தாள். அத்தனை வருடத்தில் அவள் அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை. கராஜ் தரையில் காலை மடக்கி உட்கார்ந்து, நான்கைப் பரப்பி, ஒன்றை மேலே எறிந்தாள். கீழே கிடந்ததை அள்ளி, விழுந்ததைப் பிடித்தாள். இரண்டாவது தடவையும் பிடித்தாள். மூன்றாவது தடவை கூடு விரலில் பட்டுத் தெறித்து, உருண்டுபோய் மாமாவின் காலடியில் நின்றது.

அவர் குனிந்து எடுத்தார். கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு அவளிடம் நீட்டினார்.

"பிழைச்சுப் போச்சு. இன்னொருக்கா வெட்டு, பிள்ளை."